மிதிவண்டிப் பந்தயமும் மூவகை அறிதலும்

முன்னுரை

விளையாட்டென்பது உடலுக்கு மட்டுமே உரியது, அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் அதனோடு யாதொரு தொடர்பும் இல்லை என்று எண்ணுவார் நம்மிற் பலர். இவ்வெண்ணம் பொருந்தாதென்பதை மிதிவண்டிப் பந்தயம் ஒன்றைக்கொண்டே நிறுவலாம். இப்பந்தயத்தில் வலியாற் குறைந்தவன் அறிவால் வெல்வதும், வலியால் மிக்கவன் பதற்றத்தால் தோற்பதும் அன்றாட நிகழ்ச்சிகள். அதிலும், பருவத் தொடக்கத்தில் நிகழும் பந்தயங்கள், வீரன் தன்னைத் தான் அறிந்துகொள்வதற்கு ஏற்ற உரைகல்லாக விளங்குகின்றன. அவற்றின் இயல்பை, சிறப்பாக ஆங்கில நாட்டு வழக்கத்தை ஒட்டி, ஈண்டு ஆராய்வோம்.

பிழைப்பின்பொருட்டன்றி விருப்பத்தின்பொருட்டு விளையாடுவோரை ‘அமெச்சூர்’ என்பர். இச்சொல் பிரெஞ்சு மொழியினின்றும் வந்தது. அதன் மூலம் அன்பு செய்பவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். எனவே, அமெச்சூர் என்றால் திறமை குறைந்தவன் என்று கொள்ளுதல் தவறு. ஒன்றைக் காதலிப்பவன் என்று கொள்வதே முறை. ஆசிரியர், எழுத்தர், தச்சர், மருத்துவர், மாணவர் எனப் பல தொழிலினரும் வாரத்தின் ஐந்து நாட்களைத் தம் கடமைக்கு அளித்துவிட்டு, எஞ்சிய பொழுதிற் பயின்று, நுழைவுக் கட்டணத்தையும் தாமே செலுத்திப் பந்தயத்திற் புகுகின்றனர்.

பந்தயத்தின் வரலாறு

மிதிவண்டி தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே பந்தயமும் தோன்றிவிட்டது. 1868ஆம் ஆண்டு மே மாதத்திற் பாரிசை அடுத்த சான் குளூ பூங்காவில் நிகழ்ந்த ஓட்டங்களுள் ஒன்றில் ஜேம்ஸ் மூர் என்னும் ஆங்கில இளைஞர் வென்றார். அவரே 1869 நவம்பரிற் பாரிசிலிருந்து ரூவான் நகர் வரை நடந்த 123 கி.மீ. பந்தயத்திலும் முதல்வரானார். அத்தொலைவைக் கடக்க அவருக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அஃதாவது, மணிக்குப் பன்னிரண்டு கி.மீ. கூட இல்லை. ஆயினும், அக்கால வண்டியின் பாரத்தையும் சாலையின் கேட்டையும் நோக்கின் அது வியத்தற்குரியதே.

1885இல் ஸ்டார்லி என்பார் இரு சக்கரமும் ஏறக்குறைய ஒத்த அளவுடையனவாய், பின்சக்கரம் சங்கிலியால் இயங்குவதாய் உள்ள ‘ரோவர்’ வண்டியை அமைத்தார். 1888இல் பெல்பாஸ்டு நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரப்பட்டையை ஆக்கினார். அடுத்த ஆண்டே வில்லியம் ஹியூம் என்னும் வீரர் அப்பட்டை பூட்டிய வண்டியைக்கொண்டு அந்நகரிற் பந்தயங்களை வென்றபோது, அதன் பெருமையை யாவரும் உணர்ந்தனர்.

ஆங்கில நாட்டில் இவ்விளையாட்டு வளர்ந்த வரலாறு தனித்தன்மை உடையது. பொதுச் சாலையிற் பலர் ஒருங்கே விரைவதனால் அதிகாரிகளின் சினத்துக்கு ஆளாகி, மிதிவண்டி ஓட்டும் உரிமையையே இழக்க நேருமோ என்று அஞ்சிய தேசிய சங்கத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தகைய பந்தயங்களைத் தடுத்தனர். அப்போது பிட்லேக் என்பார் ஒரு வழி கண்டார். வீரர்களை ஒருங்கே விடாது, ஒருவர்பின் ஒருவராக இடைவெளிவிட்டு அனுப்பி, ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட காலத்தைக் கணித்து வெற்றியை முடிவு செய்வதே அவ்வழி. இம்முறையில் 1895 அக்டோபரில் முதற்போட்டி நிகழ்ந்தது. பின்னர் நெடுங்காலம் வைகறையில், ஊரார் எழுமுன்னரே, கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்புடை அணிந்து, பாதையின் பெயரையும் மறைகுறியால் வழங்கி, ஏதோ களவு செய்வார்போல இவர்கள் போட்டியிட்டு வந்தனர்.

1942ஆம் ஆண்டு ஜூன் திங்களிற் பெர்சி ஸ்டாலார்டு என்பவர் இத்தடையை மீறினார். உலகப் போரின் காரணமாக எண்ணெய் அரிதாகி, சாலைகளில் மோட்டார் வண்டிகள் அருகியிருந்த காலம் அது. வேல்சு நாட்டின் லங்காத்லன் என்னும் ஊரிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை பலரும் ஒருங்கே புறப்படும் பந்தயத்தை அவர் நடத்தினார். சங்கம் அவரை விலக்கிவைத்தது. அவரும் அவர்தம் தோழரும் வேறொரு சங்கத்தைக் கண்டனர். இரு சாராருக்கும் இடையே மூண்ட பூசல் 1959இல் இரண்டும் ஒன்றாய் இணைந்த பின்னரே ஓய்ந்தது. இன்று ஆங்கில நாட்டிற் காலப்போட்டி, கூட்டப்பந்தயம் ஆகிய இரண்டும் ஒருங்கே தழைத்துள்ளன. அமெச்சூர், தொழில்முறையாளர் என்னும் சட்டப் பிரிவினையையும் உலக மிதிவண்டிச் சங்கம் 1996இல் நீக்கிவிட்டது. சட்டத்திற் பிரிவு நீங்கினும் வாழ்க்கையிற் பிரிவு நீங்கிற்றில்லை. ஊதியம் பெற்று ஓடுவோர் சிலரே. ஊதியமின்றி ஓடுவோரே பெரும்பாலார்.

பருவத்தின் தொடக்கம்

இலண்டனில் டிசம்பர் மாதத்தின் நடுவிற் பகற்பொழுது எட்டு மணி நேரமும் நிரம்புவதில்லை. வேலைக்குச் செல்லும்போதும் இருள், மீளும்போதும் இருள். ஆதலால், குளிர்காலத்தில் அமெச்சூர் வீரன் வார நாட்களில் வீட்டினுள்ளேயே வண்டியை ஒரு பொறியிற் பூட்டி மிதிக்கிறான். ஞாயிறு காலைகளிற் கழகத் தோழரோடு நெடுந்தொலைவு செல்கிறான். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களிற் பகல் நீளத் தொடங்கியதும் பந்தயங்கள் ஆரம்பமாகின்றன. மோட்டார் வண்டிகள் புகாத தனிச்சுற்றுப் பாதைகளில் இவற்றுட் பல நிகழும். இலண்டனுக்கு மேற்கே ஹில்லிங்டன் என்னுமிடத்திலுள்ள பாதை ஏறக்குறைய 1.5 கி.மீ. சுற்றளவுடையது, அதனைப் பலமுறை சுற்றிவந்து ஓட்டத்தை முடிப்பர். வீரர்கள் நான்காம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று தொடங்கி, முன்னிலை எய்துந்தோறும் பெறும் புள்ளிகளுக்கு ஏற்ப மேல்வகுப்புக்கு உயர்கின்றனர்.

தெய்வப்புலமைத் திருவள்ளுவனார் அரசனுக்குரிய இயலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை 48, 49, 50 எனும் எண்களில் அடுத்தடுத்து நிறுத்தியுள்ளார். போர் மேற்செல்லும் வேந்தனை நோக்கி வகுத்த அம்முறை, பருவத் தொடக்கத்திற் பந்தயம் புகும் வீரனுக்கும் இனிது பொருந்துகின்றது. ஆதலின், அம்முறையையே பின்பற்றிப் பொருளை மூன்றாக வகுத்துக் கூறுவோம்.

1. வலியறிதல்

வலி என்பது தன் வலி ஒன்றே அன்று. மேற்கொண்ட செயலின் கடுமை, எதிரியின் ஆற்றல், துணைவரின் ஆற்றல் ஆகியனவும் அதனுள் அடங்கும். மிதிவண்டி வீரனுக்கு இவையனைத்தினும் பெரிய எதிரி காற்றே. சமநிலத்தில் விரைந்து செல்பவனுடைய உழைப்பிற் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதிலேயே செலவாகின்றது. காற்றின் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும்; அதனை வெல்லுதற்கு வேண்டிய ஆற்றலோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். மணிக்கு 30 கி.மீ. செல்பவன் 40 கி.மீ. செல்ல விரும்பினால், வேகம் மூன்றில் ஒரு பங்கே மிகுகின்றது. ஆனால், காற்றை வெல்லும் ஆற்றல் ஏறக்குறைய 2.4 மடங்கு வேண்டப்படுகின்றது. கணக்கு இங்ஙனம் இருத்தலின், வெறும் வலியால் மட்டும் வெல்வேன் என்று கருதுபவன் விரைவிற் களைத்துப்போவான்.

இதற்குப் பரிகாரம் பிறன் பின்னே செல்லுதல். முன்செல்வானுக்கு மிக அணுக்கமாகப் பின்செல்பவனுக்குக் காற்றின் தடை பெரிதும் குறையும். பலர் திரண்டு செல்லும் குழாத்தின் நடுவில் இருப்பவனுக்கோ அது மிகமிகக் குறையும். இதனால் விந்தையான ஒரு நிலை உண்டாகிறது. ஒருவரையொருவர் வெல்ல வந்தவர்களே, முறை வைத்து முன்சென்று, ஒருவருக்கொருவர் காற்றை மறைத்து உதவ வேண்டியவராகின்றனர். எப்பொழுதும் பின்னே ஒளிந்திருப்பவனைத் தோழர் இகழ்வர். எப்பொழுதும் முன்னே நிற்பவனை முடிவில் யாவரும் கடந்து செல்வர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை அறிதலே வலியறிதலின் பயன்.

இனி, குளிர்காலப் பயிற்சி தந்த வலி எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெடுநேரம் ஒரே சீராக மிதித்தலால் இதயம் வலுவடையும். தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும். கொழுப்பை எரித்து ஆற்றல் பெறும் திறன் வளரும். ஆனால், பந்தயம் ஒரே சீராக நடப்பதன்று. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னவர் சற்றே வேகம் தணிப்பர். அத்தணிவு பின்னோக்கிப் பரந்து, கடைசியில் நிற்பவனை நன்றாகத் தடை பிடிக்கச் செய்யும். முன்னவர் மீண்டும் விரையும்போது அவனோ இருமடங்கு பாய்ந்தால்தான் அவர்களோடு ஒட்ட முடியும். ஒரு மணி நேரப் பந்தயத்தில் இவ்வாறு எத்தனையோ முறை பாய நேரும். ஐந்து மணி நேரம் அமைதியாகச் சென்று பழகியவன் அரைமணி நேரப் பந்தயத்திற்குள் பின்தங்கி நிற்பதன் காரணம் இதுவே. மிதிக்கும் ஆற்றலை ‘வாட்’ அளவிற் காட்டும் கருவிகள் இன்று பலரிடத்தும் உள்ளன. அவை தன் வலியைக் காட்டுமேயன்றி, எதிரியின் வலியையோ துணைவரின் வலியையோ காட்டமாட்டா. அவற்றைக் கண்ணால் நோக்கியே அறிதல் வேண்டும்: எவன் தோள் அசைகிறது, எவன் மூச்சு இரைக்கிறது, எவன் தண்ணீர் பருகவும் மறந்தான் என்று காண்பவனே எதிரியின் வலியை அறிந்தவன்.

2. காலமறிதல்

காலமென்பது ஆண்டின் காலம், நாளின் காலம், நொடியின் காலம் என மூவகைப்படும்.

முதலாவது, ஆண்டின் காலம். இளவேனிலில் தொடங்கும் பந்தயப் பருவம் இலையுதிர்காலம் வரை நீளும். பருவத்தின் முதல் ஞாயிறன்றே உச்ச நிலையை அடைய விரும்பிக் குளிர்காலம் முழுதும் தன்னை வருத்திக்கொண்டவன், கோடையில் உலர்ந்து நிற்பான். உடல் வலுப்பெறுவது உழைக்கும்போதன்று, உழைப்பின் பின்னர் ஓய்ந்திருக்கும்போதே என்பது பயிற்சி நூலோர் துணிபு. ஓய்வில்லா உழைப்பு வலியைத் தேய்க்கும். ஆகவே, ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்க வேண்டுமென்னும் பழைய கட்டளையில் உடல்நூலுண்மையும் அடங்கியிருத்தல் காண்க.

இரண்டாவது, நாளின் காலம். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பெற்ற மாச்சத்து, கடும் உழைப்பில் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கே போதியதாகும். அது தீர்ந்தவுடன் கால் சோரும், கண் இருளும், அறிவும் மயங்கும். நெடும்பந்தயத்திற் பசி எடுத்த பின்னர் உண்பதும், தாகம் எடுத்த பின்னர் பருகுவதும் காலந்தாழ்த்த செயல்களாகும். குளிர்மிக்க காலைகளில் தாகம் தோன்றாமையால் வீரர் பலர் நீரை மறந்துவிடுவர். விரல்கள் மரத்துப்போயின் தடையைப் பிடிப்பதும் அரிதாகும். அஃது அவனுக்கு மட்டுமன்றி அவன் பின்னே வருவார் யாவர்க்கும் கேடாம்.

மூன்றாவது, நொடியின் காலம். குழாத்தைவிட்டு எப்போது தனித்துப் பாய்வது என்பதே இவ்விளையாட்டின் உயிர்நிலை. எல்லாரும் வலிமையோடிருக்கும்போது பாய்ந்தால் எல்லாரும் துரத்துவர். ஒருவன் பாய்ந்து, அவனைத் துரத்திப் பிடித்து, யாவரும் மூச்சு வாங்கும் அக்கணத்திற் பாய்ந்தால், துரத்த மனமுடையார் சிலராகவே இருப்பர். இறுதி ஓட்டத்திலும் அப்படியே: இலக்குக்கு நெடுந்தொலைவு முன்னரே வேகமெடுப்பவன் தன் பின்னே வருவோனுக்குக் காற்றை மறைத்து, வெற்றியை அவன் கையிற் கொடுத்துவிடுகிறான்.

காலமறிதலுக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு 2021ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் ஜப்பானில் நிகழ்ந்த ஒலிம்பிக் மகளிர் சாலைப் பந்தயமாகும். அப்பந்தயத்தின் தொலைவு 137 கி.மீ. ஆஸ்திரியா நாட்டு அன்னா கீசன்ஹோபர் என்னும் நங்கையார் கணிதத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழகத்திற் கணிதப் பணி புரிந்து வந்தவர். எந்தத் தொழில்முறை அணியிலும் அவர் அப்போது இடம்பெற்றிருந்தாரல்லர். அவர் புறப்பட்டவுடனேயே வேறு சிலரோடு முன்னேறினார். பெயர்பெற்ற வீராங்கனையர் நிறைந்த குழாம் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஏறக்குறைய 40 கி.மீ. எஞ்சியிருக்கும்போது அவர் உடன் வந்தாரையும் விட்டுத் தனியே சென்று, 75 நொடி இடைவெளியில் வென்றார். இரண்டாவதாக வந்த நெதர்லாந்து நாட்டு வான் ஃபிளாய்டன் அம்மையார், தமக்கு முன்னே ஒருவர் சென்றிருப்பதையே அறியாது, தாமே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். நெதர்லாந்து அணியில் நால்வர் இருந்தனர். நால்வரும் உலகம் போற்றும் வன்மையுடையார். வலியால் மிக்க அணி எதிரியின் வலியை அறியாமையால் தோற்றது; தன் வலியையும் அதற்குரிய காலத்தையும் நுணுகிக் கணித்த ஒருவர் வென்றார். அமெச்சூர் என்னும் சொல் இழிவுடையதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

3. இடனறிதல்

குழாத்துள் எவ்விடத்தில் நிற்பது என்பது மூன்றாவது அறிவு. பின்னே நிற்பவனுக்குத் திருப்பந்தோறும் உழைப்பு மிகும் என்று மேலே கூறினோம். முன்னே ஒருவன் வீழ்ந்தால், பின்னுள்ளார் அவன்மீது மோதும் இடரும் உண்டு. ஆகையால், அறிவுடையோர் முற்பகுதியில், ஆயினும் முதல்வராய் நில்லாது, இடம் பிடிப்பர். அவ்விடத்தை ஒருமுறை பெற்றால் மட்டும் போதாது. இருபுறமும் பிறர் முன்னேறிக்கொண்டேயிருப்பராதலின், நின்ற இடத்தில் நிற்பதற்கே முன்னேற வேண்டியதாகும்.

காற்று பக்கத்திலிருந்து வீசும்போது இடத்தின் அருமை இன்னும் மிகும். அப்போது முன்னவனுக்கு நேர் பின்னே மறைவு இல்லை. காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்த இடத்திலேயே மறைவு உண்டு. ஆகவே, வீரர் சாலையின் குறுக்கே சாய்வாக வரிசை வகுப்பர். பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளின் மரமற்ற சமவெளிகளில் இதனை அடிக்கடி காணலாம். டச்சு மொழியில் இவ்வரிசைக்கு வழங்கும் பெயரின் பொருள் ‘விசிறி’ என்பதாகும். சாலையின் அகலம் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேருக்கே அவ்விசிறியில் இடம். எஞ்சியவர் சாலையோரத்தில் நீண்ட ஒற்றை வரிசையாய், மறைவின்றிக் காற்றில் அடிபட்டு, ஒருவர்பின் ஒருவராக அறுந்து போவர். திருப்பம் ஒன்றின் முன்னரே காற்றின் திசையை எண்ணி முன்சென்று நின்றவன் பிழைப்பான். திரும்பிய பின்னர் எண்ணுபவன் கெடுவான்.

இடனறிதலில் ஒழுக்கமும் அடங்கும். முன்செல்வோனுடைய பின்சக்கரத்தோடு தன் முன்சக்கரம் பக்கவாட்டில் மேவுமாறு செல்லலாகாது. முன்னவன் சிறிது விலகினும் சக்கரங்கள் உராயும். வீழ்பவன் பெரும்பாலும் பின்னவனே. அவனோடு அவன் பின்னே வருவாரும் வீழ்வர். மழையில் நனைந்த சாலையிற் பூசிய வெண்கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்குமாதலின், அவற்றின்மீது திரும்புதல் ஆகாது. குழியைக் கண்டவன் கையால் சுட்டிப் பின்னவனுக்கு உணர்த்துதல் கடமை. அக்குறியைக் கண்டவன் தன் பின்னவனுக்கு உணர்த்துதலும் கடமை. பருவத் தொடக்கத்தில் இவ்வொழுக்கம் இருமடங்கு வேண்டப்படும். குளிர்காலம் முழுதும் தனியே பயின்றவருக்குப் பலரிடையே செல்லும் பழக்கம் தளர்ந்திருக்கும். ஆர்வமோ ததும்பி நிற்கும். பழக்கம் குறைந்து ஆர்வம் மிகுந்த இடத்திலேயே இடர் விளைகின்றது. திங்கட்கிழமை காலையில் அங்குள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை காத்திருக்கின்றது. ஒவ்வொருவருடைய வீட்டிலும் அவர் வரவை எதிர்நோக்குவார் உளர். ஐந்தாம் இடத்தை நான்காம் இடமாக்குவதற்காகப் பிறர் எலும்பை முறிக்கத் துணிபவன் வீரனல்லன்.

ஒரு தடையும் விடையும்

இனி, இவ்வளவு துன்புற்று இவர்கள் பெறும் பயன் யாது என்று வினவுவார்க்கு விடை கூறுவோம். இருவர் மற்போரிடின் ஒருவன் தோற்பான். இரண்டு அணிகள் பந்தாடின் ஓரணி தோற்கும். மிதிவண்டிப் பந்தயத்திலோ ஐம்பதின்மர் ஓடின் நாற்பத்தொன்பதின்மர் தோற்பர். அதிலும், பருவத்தின் முதற்பந்தயத்தில் நடுவழியிலேயே குழாத்தினின்றும் விடுபட்டுத் தனித்து நிற்பார் பலர். பலன் வெற்றி ஒன்றேயாயின், இவ்விளையாட்டு என்றோ அழிந்திருக்கும்.

கொரிந்து நகரின் அருகே ஈராண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்த இஸ்துமியப் போட்டிகளில் வென்றார்க்குப் பைந்தழை முடியே சூட்டப்பெற்றது. அந்நகரத்துச் சபையாருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பரிசுத்த பவுல், வாடிப்போகும் முடிக்காக அவ்வீரர் மேற்கொண்ட இச்சையடக்கத்தையே எடுத்துக்காட்டி, வாடாத முடியை நாடுவோர் அதனினும் மிக்க அடக்கம் உடையராதல் வேண்டுமென்று அறிவுறுத்துகிறார். முடி வாடினும் அடக்கம் வாடுவதில்லை. குளிர்ந்த இருட்காலையில் எழுந்த உறுதியும், உணவிலும் உறக்கத்திலும் காத்த அளவும் தோற்றவனிடத்தும் நிலைத்து நிற்கும்.

முதற்பந்தயத்தை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாது, கல்லூரியில் நாம் எழுதும் காலாண்டுத் தேர்வுபோலக் கொள்ளுதல் நன்று. குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவன் எந்தப் பாடத்தில் குறைந்தோம் என்று நோக்குவானேயன்றி, நூல்களை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பமாட்டான். குழாத்தினின்றும் விடுபட்டவனும் அங்ஙனமே, வலியிற் குறைந்தோமா, காலத்திற் பிழைத்தோமா, இடத்திற் பிழைத்தோமா என்று வகுத்து ஆராய்தல் வேண்டும். வலியிற் குறைந்திருப்பின் பயிற்சியால் நிரப்பலாம். காலத்திலும் இடத்திலும் பிழைத்திருப்பின் அடுத்த ஞாயிறே திருத்திக்கொள்ளலாம். தோல்விக்குக் காரணம் அறியாதவனே மெய்யாகத் தோற்றவன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தன் வலியையும் பிறர் வலியையும் சீர்தூக்கி, காலத்துக்குக் காத்திருந்து, இடமறிந்து நிற்பவனுக்கே மிதிவண்டிப் பந்தயம் பயன் தரும் என்பது விளங்கும். இவற்றோடு மற்றொன்றும் கூறி அமைவோம். ஒவ்வொரு பந்தயத்திலும் கொடியேந்தித் திருப்பத்தில் நிற்பவரும், எண் பட்டைகளை வழங்குபவரும், இலக்கில் நின்று வரிசையைக் குறிப்பவரும் பெரும்பாலும் ஊதியமின்றி வந்த கழகத் தோழரே. ஓடுபவனாவது ஓட்டத்தால் வெப்பம் பெறுகிறான். அவர்களோ குளிரில் அசையாது நிற்கின்றனர். ஆதலால், ஒரு ஞாயிறு ஓடிய வீரன் மற்றொரு ஞாயிறு அக்கொடியைத் தன் கையில் வாங்கிப் பிறர் ஓடுமாறு நிற்றல் வேண்டும். விளையாட்டின்மீது அவன் வைத்த அன்பு மெய்யானதென்பதற்கு அதுவே சான்றாகும்.